வாத்தியார் போட்ட தேதி

பம்பு தொழிற்சாலையின் ஸ்டோர் ரூமில் பதினான்கு வருடமாகப் போல்ட்டும் வாஷரும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்குப் 'பட்டியல்' என்று பெயராகிவிட்டது. எதைக் கேட்டாலும் "இருங்க, பட்டியல்ல பாத்துச் சொல்றேன்" என்பார். சூப்பர்வைசர் நாற்காலி ஒரு மாதமாகக் காலி. அதில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. உட்கார்ந்தே தீர வேண்டும் என்பது மனைவியின் உத்தரவு.

"வேலை தெரிஞ்சா போதுமாங்க? மேல இருக்கறவங்க பழக்கம் வேணும். உங்களுக்குப் பழக்கம் நட்டும் போல்ட்டும்தான்."

சரி, பழகுவோம் என்று தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். ஆபீஸ் பதிவேட்டைப் பார்த்து எல்லோருடைய பிறந்தநாளையும் பட்டியலிட்டார். ஜூன் ஒன்றாம் தேதி காலையில் மேனேஜர் உட்பட ஒன்பது பேருக்கு வாழ்த்துச் சொன்னார். ஒன்பது பேரும் சிரித்தார்கள்.

"யோவ் பட்டியல், அது வாத்தியார் போட்ட தேதிய்யா" என்றார் கணக்கர். "என்னைப் பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப எங்கப்பாவுக்குத் தேதி ஞாபகமில்ல. வாத்தியாரே என்னைப் பெத்துப் போட்டுட்டார்!"

பட்டியல் அசரவில்லை. மனைவிமார், மச்சான்மார், டிரைவர்கள் என்று ஆள் ஆளாகப் பிடித்து அசல் தேதிகளைச் சேகரித்தார். மேனேஜருடையது மட்டும் சிக்கவில்லை.

ஆகஸ்டில் அதுவும் தானாக வந்தது. மேனேஜரின் தம்பி அண்ணனைப் பார்க்க வந்தார். அண்ணன் மீட்டிங்கில் இருந்ததால் ஸ்டோரில் உட்கார்ந்து டீ குடித்தார்.

"அம்பத்தெட்டு முடிஞ்சு போன மாசந்தான் ரிட்டையர் ஆனேங்க. அண்ணனுக்கு வர்ற வெள்ளிக்கிழமை அறுபது. அவருக்கே ஞாபகம் இருக்காது."

இந்தத் தொழிற்சாலையிலும் ஐம்பத்தெட்டில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பதிவேட்டில் மேனேஜருக்கு ஐம்பத்தாறு. பட்டியலுக்கு இரண்டும் தெரியும். ஆனால் கை தேதியைக் குறித்துக்கொண்டிருக்கும்போது மூளைக்குக் கணக்குப் போட வேளை ஏது?

வெள்ளிக்கிழமை வாழ்த்து அட்டையுடன் மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

"சார், அறுபதாவது பிறந்தநாள் வாழ்த்துகள்! இது வாத்தியார் போட்டது இல்ல சார், அசல்."

மேனேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பதினான்கு வருடமாக 'வாய்யா, போய்யா' என்றே கூப்பிட்டவர், "உக்காருங்க" என்றார்.

"யார் சொன்னா?"

"எல்லாரோட அசல் தேதியும் எங்கிட்ட இருக்கு சார். பட்டியல் போட்டு வெச்சிருக்கேன்."

"பட்டியலா? யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"இதுவரைக்கும் இல்ல சார்."

மேனேஜர் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டார். "சூப்பர்வைசர் வேலைக்கு நீங்க எழுதிக் குடுத்திருந்தீங்க இல்ல?"

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் உத்தரவு ஒட்டியிருந்தது.

"பாத்தீங்களா, ஒரு அட்டைக்கே இவ்வளவு மதிப்பு!" என்றாள் மனைவி.

"மனுசன் உருகிட்டாரும்மா. முகமெல்லாம் வேர்த்துடுச்சு" என்றார் புதிய சூப்பர்வைசர். "இந்தப் பழக்கத்தை விட்டுடக் கூடாது. அடுத்த வருசம் அறுபத்தொண்ணு. கேட்லயே பெருசா ஒரு பேனர் வெச்சுடறேன்."