பல் இறங்கிய தையல் மெஷின்

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குத் தையல் மெஷின் திருத்த வந்தவர் கொட்டாஞ்சேனைக்காரர். மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் வெளியே தெரியும்படி அடையாள அட்டை. வந்ததும் பையைத் திறந்து, "இது ஸ்க்ரூட்ரைவர், இது எண்ணெய்ப் போத்தல், இது ஊசி" என்று ஒவ்வொன்றாக என்னிடம் காட்டினார். யுத்த காலத்து இராணுவச் செக்பொயின்ட்களில் காட்டிக் காட்டிப் பழகிவிட்டது போலும். சிரிப்பதா, தலையாட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஸிக்ஸாக் தையல் போட்டால் துணி நகராமல், நூல் ஒரே இடத்தில் சிக்காகிக் குவிகிறது என்றேன். அவர் மெஷினைச் சரித்து அடியில் பார்த்தார்.

"துணியைத் தள்ளுற பல்லு கீழ இறங்கியிருக்கு, பிள்ளை. இந்த லீவர் தட்டுப்பட்டிருக்கு. ஆமி செக் பண்ணின வீடுகளில இதே கதைதான். அடியில கையை விட்டுத் துழாவுவாங்கள்."

"எங்கட வீட்டை ஒருத்தரும் செக் பண்ணேல்லையே, அண்ணை. நானும் இவரும் வேலைக்குப் போனால் பகல் முழுக்க வீடு பூட்டித்தான் கிடக்கும்."

அவர் வாசல் பூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப நீங்கள்தான் தெரியாமல் தட்டியிருப்பீங்கள்" என்றார் அவசரமாக.

அப்படியொரு லீவர் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதை உயர்த்திவிட்டுத் தைத்துக் காட்டினார். துணி ஒழுங்காக நகர்ந்தது. சாமான்களை இம்முறை ஒன்றின் பெயரையும் சொல்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் பிழையாகச் சொன்னாரா, சரியாகச் சொல்லிவிட்டுப் பயந்தாரா? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அன்று பின்னேரமே புதுப் பூட்டு வாங்கி வந்தேன். கழற்றிய பழைய பூட்டில் ஒரு கீறல்கூட இருக்கவில்லை.