முருங்கைக் காளானும் வயல் எலியும்

என் மனைவியின் காதைக் காளான் என்று சொல்லி அவள் தம்பி குடும்பத்தைச் சிரிக்க வைத்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சுண்ணாம்புக்குளத்தில் எங்கள் கொல்லையில் விழுந்து கிடந்த முருங்கை மரத்தில், மழை வந்தால் பழுப்பு நிறத்தில் காளான் முளைக்கும். மடிந்த காது போலிருக்கும். தொட்டால் ஜில்லென்று வழவழக்கும். அவள் அதை எலிக்காது என்பாள். கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் நான்; காளானுக்கும் எலிக்கும் என்ன உறவு என்று திருத்துவேன். பார்க்கப்போனால் அவள் சொன்னது சரிதான். மெல்லிய தோல், ஓரச் சுருக்கம், வெளிப்புறத்துப் பூனைமயிர் எல்லாம் இரண்டுக்கும் உண்டு. எலியின் காது வைக்கோல் அசைந்தாலே திரும்பும். காளான் இடி இடித்தாலும் அப்படியே இருக்கும்.

ஓர் ஐப்பசி மழையில் மச்சான் தன் இறால் வலையை எங்கள் கூடத்தில் போட்டு வைத்திருந்தான். வயலில் தண்ணீர் ஏறியதும் ஒரு எலி அதற்குள் புகுந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் மீன் ஆய்ந்துகொண்டிருக்க, அது வலையைக் கடித்துக் கந்தலாக்கியிருந்தது. விரித்துப் பார்த்த மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இன்னாக்கா, இங்கியே குந்தினு இருந்தியே, சத்தம் கேக்கல?"

"சுத்தமாத்தான்டா ஆய்றேன்."

"எலிக்கு இருக்கிறதுதான் காது. உங்க அக்காவுக்கு இருக்கிறது முருங்கைக் காளான்" என்றேன்.

மச்சானும் அவன் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னா, இன்னா?" என்று அவள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவளும் சிரித்தாள்.

காதுக்குள் முகத்துவாரம் மாதிரி இரைகிறது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். வயசு என்று நான்தான் விட்டுவிட்டேன்.

மறுநாள் மச்சான் மனைவி விளையாட்டாக அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து என் மனைவி என்னிடம் "இன்னா?" என்பதே இல்லை. கேட்காததைத் திரும்பக் கேட்காமலே விட்டுவிட்டாள். ரசம் ஊற்று என்றால், ரசமா மோரா என்று கேட்காமல் இரண்டையும் வைத்துவிட்டுப் போவாள்.

பொன்னேரிக்கு அழைத்துப் போய்க் காதுக் கருவி வாங்கிக் கொடுத்தேன். அதை மாட்டியிருந்தபோது எதிரில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன்.

"கேக்குதுங்க" என்றாள்.

இப்போது தெருவில் மீன்காரி கூவினால் உள்ளிருந்தே பதில் குரல் கொடுக்கிறாள். நான் பேச வாயெடுத்தால் மட்டும் கருவியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து, டப்பாவில் வைத்து மூடுகிறாள். முகத்தில் கோபம் எதுவும் தெரிவதில்லை. சொல்ல வந்ததை நான் முழுவதும் சொல்லிவிட்டுத்தான் எழுந்துகொள்கிறேன்.