கன்னக்குழி விழாத பொய்

அந்தச் சலூன்காரர் வாயைத் திறந்தால் பொய். மூடினால் அடுத்த பொய்க்கு ஒத்திகை. தெருவே அவரை அண்டப்புளுகர் என்றுதான் கூப்பிடும். ஒரு கரடிக்குச் சவரம் செய்ததாகவும், மீசையை எடுத்ததற்கு அது கோபித்துக்கொண்டு பேசாமல் போனதாகவும் சொல்வார். மனைவியிடம் மட்டும் அந்தச் சரக்கு விலைபோகாது. பொய் சொன்னால் அவர் இடது கன்னத்தில் ஒரு குழி விழும். அவள் கண் அங்கேயே இருக்கும்.

ஒருநாள் அந்தக் கன்னம் தொங்கிப்போனது. அடுத்த வாரம் மற்றதும். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்ததில் கட்டிகள் தெரிய, காசநோயோ என்று அலைக்கழித்துவிட்டு, அங்கிருந்து ஒரு சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து ‘சார்காய்டோசிஸ்’ என்றார்கள். உடம்பின் காவல்காரர்களே சின்னச் சின்னக் கட்டிகளாகத் திரண்டு நரம்பை நெரிப்பார்களாம். வேலியே பயிரை மேய்ந்த கதை.

ஸ்டீராய்டு மாத்திரை எழுதிய டாக்டர் அவளிடம், “இது கண் நரம்பையும் பிடிக்கலாம். பார்வை லேசா மங்கினாலும் அன்னைக்கே கூட்டிட்டு வந்துடணும்மா” என்றார்.

“கண்ணு தெரியுதாங்க?” தினமும் கேட்டாள்.

“பளிச்சுனு தெரியுது. உன் மூக்கு நுனியில கோபம் உட்கார்ந்திருக்கு பாரு, அது வரைக்கும்!”

அவள் அவர் கன்னத்தில் அந்தக் குழியைத் தேடுவாள். செத்துப்போன கன்னம் வெள்ளையடித்த சுவர்போல இருக்கும். நம்பினாள், வேறென்ன செய்வாள்?

ஒரு மதியம் அவள் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, நாற்காலியிலிருந்து எழுந்த தபால்காரர் கண்ணாடியைப் பார்த்து, “அண்ணே, பாதி தாடிய அடுத்த மாசத்துக்கு வெச்சிட்டீங்களா?” என்றார். கடையே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தாள். அப்படியே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

“வலது கண் நரம்பு வாடிப்போச்சும்மா. இன்னொண்ணும் மங்கியிருக்கு, மருந்து ஏத்திப் பார்க்கலாம். முன்னாடியே வந்திருந்தா…” என்று இழுத்தார் டாக்டர்.

“பாவி மனுசா, ஏன் மறைச்சீங்க?”

“கத்தியப் பிடுங்கிடுவாங்கடி. அப்புறம் யார் என் முன்னாடி உட்கார்ந்து கதை கேப்பாங்க?”

மறுநாள் டாக்டர் அவருடைய இடது கண்ணைப் பொத்தி, “ஏதாவது தெரியுதா?” என்றார். அவள் வாசலோரம் மூச்சடக்கி நின்றாள்.

“தெரியாம என்ன? இதோ, என் பொண்டாட்டி நின்னு முறைக்கிறா.”

அவர் கைகாட்டிய இடத்தில் நின்றது மருந்து பாட்டில் தொங்கும் கம்பி.

அவள் சத்தமில்லாமல் நடந்துபோய் அந்தக் கம்பியருகே நின்றாள். “ஆமா, முறைச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன்” என்றாள்.