அபுதாபியில் ஒரு நாள் ஃப்ளமெங்கோ, பயந்த முழங்காலோடு

2009 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஃப்ளமெங்கோ என்ற ஸ்பானிய நடனத்தின் ஒருநாள் பயிற்சிக்காகத் தனியாக அபுதாபி போய் வந்தேன். துபாயில், அல் குசைஸில் வீட்டிலேயே பரதநாட்டியம் சொல்லிக்கொடுப்பவள் நான். ஒன்றரை வருடத்துக்கு முன் வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதிலிருந்து உட்கார்ந்தபடியேதான் வகுப்பு. எல்லோரிடமும் வலி என்று சொல்லிவந்தேன். வலி போய் மாதக்கணக்காகிறது, பயம்தான் போகவில்லை. இன்னொரு முறை பிசகினால் ஆட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தெரிந்தவர்கள் யாரும் இல்லாத இடத்தில் காலைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது என் திட்டம்.

காலை 6.40க்கு துபாயின் அல் குபைபா நிலையத்தில் பேருந்து. கட்டணம் 15 திர்ஹாம், தூரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர்.

"சும்மா பாத்துட்டு வா. ஆடுறேன் கீடுறேன்னு எறங்கிடாத," என்றார் ஏற்றிவிட வந்த என் கணவர்.

"பாக்கத்தானேங்க போறேன்," என்றேன்.

ஜெபல் அலி தாண்டியதும் மூடுபனி கவிந்துகொண்டது. முன்னால் போகும் லாரி தெரியவில்லை. சாலையோரம் நசுங்கிக் கிடந்த கார் ஒன்று மட்டும் நன்றாகத் தெரிந்தது. இன்னும் எவ்வளவு நேரம் என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். "ஜல்தி மாஃபி, பஹன்," என்றார் பெஷாவர்க்கார ஓட்டுநர். அவசரம் என்ற பேச்சே கிடையாது என்று அர்த்தம். இரண்டு மணி நேரப் பயணம் மூன்று மணி நேரமானது. கம்பியைப் பிடித்த கையை நான் எடுக்கவே இல்லை.

பயிற்சி தந்தவர் இனேஸ் என்ற ஸ்பானியப் பெண். கூடவே ஒரு கிதார்க்காரர், அறுபது வயதிருக்கும் ஒரு பாடகர். ஃப்ளமெங்கோவில் பாட்டுதான் தலை. ஆடுகிறவர் அதைக் காதில் வாங்கிப் பதில் சொல்ல வேண்டும். அதன் வகைகளில் சோலெயா கனத்த மனதோடு மெல்ல நகரும். அலெக்ரியாஸ் குதூகலம். புலேரியாஸ் படுவேகம். மூன்றுக்கும் பன்னிரண்டு எண்ணிக்கைதான். ஆனால் தாளத்தின் தொடக்கமான சமத்தை ஒன்றில் பிடித்துப் பழகிய எனக்கு, புலேரியாஸைப் பன்னிரண்டிலிருந்து எண்ணத் தொடங்குவது தலையைச் சுற்றவைத்தது. கைதட்டல் பயிற்சியை மட்டும் செய்துகொண்டு மதியம்வரை நாற்காலியில் ஒளிந்திருந்தேன்.

மூன்றரைக்கு மாட்டிக்கொண்டேன். புலேரியாஸில் எல்லோரும் வட்டமாக நின்று கைதட்ட, ஒவ்வொருவராக நடுவே போய் ஒரு சுற்று ஆடிவிட்டு வர வேண்டுமாம். யாருக்கும் விலக்கில்லை என்றார் இனேஸ். என் முறை வந்ததும் உள்ளே போனேன். பாடகர் என்னைப் பார்த்துப் பாட ஆரம்பித்தார்.

பாட்டு சட்டென்று நின்றது. பாடகர் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார். "விழுந்துவிட்டாயா? காலா?" என்று இனேஸ் ஆங்கிலத்தில் கேட்டார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆடுமுன் பூமியைத் தொட்டுக் கும்பிடும் வழக்கத்தில், யோசிக்காமல் முழுமண்டியில் உட்கார்ந்திருக்கிறேன். சிகிச்சைக்குப் பிறகு வகுப்பில் உட்கார்ந்தபடியே கைகூப்புவதோடு சரி. இப்போது இரண்டு முழங்காலும் முழுக்க மடங்கியிருந்தன.

எழப் பயமாக இருந்தது. "விழவில்லை, கும்பிட்டேன்," என்றேன். பாடகர் விலகி நின்று மறுபடி முதலிலிருந்து பாடினார். மிதிக்கப்போவதற்காகப் பூமியிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. இனி மிதிக்காமல் எப்படி வெளியே வருவது? எழுந்து வலது காலை ஓங்கித் தட்டினேன். முழங்கால் தாங்கியது. இன்னொரு முறை தட்டினேன். எண்ணிக்கை எங்கோ போய்விட்டது. அழுதுகொண்டே ஆடி முடித்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரியில் மூடுபனிக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். குதிகால் உயர்ந்த, கெட்டியான காலணி அவசியம். கைதட்டக் கற்காமல் ஆடக் கற்க முடியாது. முழங்கால் சரியில்லாதவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

முழங்கால் மூன்று நாள் வீங்கியிருந்தது. பேருந்துப் படியில் இடித்துக்கொண்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன். என் கணவர் இந்த வலைப்பூவைத் தவறாமல் படிக்கிறவர். என்னங்க, அடுத்த மாதத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, நீங்களும் கூட வாருங்கள்.