லாவெண்டர் வெட்டிய ஞாயிறு

பூனாகலைத் தோட்டத்தில் நான் கவ்வாத்து வெட்டியவன். வயதான தேயிலைச் செடியைக் கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவதுதான் கவ்வாத்து. வெறுங்கட்டையாக நின்றாலும் தேயிலை மறுபடி துளிர்த்துவிடும். இப்போது பெரகலைக்கு மேலே, சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஒரு பங்களாவில் பூந்தோட்ட வேலை. வாசல் நெடுக லாவெண்டரும் ரோஸ்மேரியும் நட்டிருக்கிறார்கள்.

என் மனைவி லெபனானில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அங்கே எப்படி இருந்தாள் என்று கேட்கத் தினமும் நினைப்பேன். வாய் வராது. போனில் பேசிய காலத்திலும் ‘சாப்பிட்டியா’ என்பதைத் தாண்டியதில்லை. அவளும் சொல்லவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பாள். இப்படியே இருந்துவிடுவோமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து சோறு கொண்டு வந்தாள். பூத்து முடிந்த லாவெண்டரின் அடியில் நான் கத்தியை வைத்திருந்தேன்.

“என்னங்க செய்றீங்க?”

“கவ்வாத்து.”

“இது என்ன தேயிலையா? கட்டையில வெட்டினா செத்துப் போயிரும். பச்சை இருக்கிற எடத்தோட நிறுத்தணும். அந்தக் கத்திரிக்கோலக் குடுங்க. நீங்க கங்காணி மாதிரி பாத்துக்கிட்டு நில்லுங்க.”

சேலையைச் செருகிக்கொண்டு குந்தி வெட்டினாள். செடி உருண்டையாகி வந்தது. இருவரும் செடியையே பார்த்துக்கொண்டிருந்ததால் என்னால் கேட்க முடிந்தது.

“அங்கயும் நீதான் வெட்டுவியா?”

கை நிற்கவில்லை. “நான்தான். வெளிய வர்றதுக்கு எனக்கு இருந்தது அந்த ஒரு வேலதாங்க. மத்த நேரம் கதவு பூட்டியே இருக்கும். அதனால மெதுவா வெட்டுவேன். முடிஞ்சா உள்ள போயிரணுமே.”

நான் பக்கத்தில் உட்கார்ந்து, விழுந்த குச்சிகளைப் பொறுக்கினேன். “வீட்டுக்காரம்மா ஏசலையா?” என்றேன்.

“நல்லா ஏசும். காது கேக்காத மாதிரியே இருப்பேன். எல்லாம் உங்ககிட்ட பழகினதுதான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். மீதிச் செடிகளை மளமளவென்று வெட்டிக்கொண்டு போனாள்.

“மெதுவா வெட்டேன், அவசரமில்ல.”

“இங்க எதுக்கு மெதுவா? சோறு ஆறுது.”

கை கழுவியும் லாவெண்டர் மணம் போகவில்லை. சாப்பிடும்போது, அந்த வீட்டில் அவள் எங்கே படுத்துத் தூங்கினாள் என்று கேட்டேன்.