கடலுக்குப் போன ஓடிபி

ராயபுரத்தில் கயிறும் மிதவையும் விற்கும் ஞானபாக்கியம், மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் ஒழுங்காக வரிக்கணக்குக் கொடுப்பவர். படகுகள் கிளம்பிவிட்டால் அந்த ஒழுங்கும் கடலுக்குப் போய்விடும். ஜிஎஸ்டி பதிவின்போது தன் பட்டன் போனை நம்பாமல், விசைப்படகு ஓட்டும் தம்பி டென்னிஸின் எண்ணைக் கொடுத்திருந்தார். கணக்குப் போடும்போது வரும் ஓடிபி அவனுக்குத்தான் போகும்; ஈமெயிலும் அவன் போனில்தான். எண்ணை மாற்றலாம், அதற்கான ஓடிபியும் பழைய எண்ணுக்கே வரும். தம்பி கரையில் இருக்கும் நாட்களில் அவன் தூங்குவான், அல்லது அக்காவுக்கு வியாபாரம் இருக்கும்.

இப்படியே இரண்டு மாதக் கணக்கு நின்று, இ-வே பில் முடங்கியது. அது இல்லாமல் சரக்கு லாரி ஏறாது. நெல்லூருக்குக் கட்டிய கயிறு கடைவாசலில் கிடந்தது. இன்று கிளம்பாவிட்டால் காக்கிநாடாவில் வாங்கிக்கொள்வதாக நெல்லூர்க்காரர் சொல்லிவிட்டார். அவர்தான் கடையின் பாதி வியாபாரம்.

"ஒரு மாசத்த போட்டாலே பூட்டு தொறந்துக்கும்கா. ஓடிபி மட்டும் குடு" என்றார் கணக்கு எழுதும் சுஜா, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு.

"அது கடல்ல கீதும்மா."

இருவரும் படகு முதலாளி தவசிமுத்துவின் ஷெட்டுக்கு ஓடினார்கள். கடலில் இருப்பவர்களோடு பேச அங்கே வயர்லெஸ் உண்டு. ஒருவர் பேசினால் அத்தனை படகும் கேட்கும். தவசிமுத்து மைக்கை நீட்டினார்.

"டென்னிசு! அக்கா பேசுறேன்டா!"

"இன்னாக்கா? அம்மாவுக்கு இன்னாச்சு?"

"அம்மா நல்லாத்தான் கீது. ஜிஎஸ்டிடா!"

"ஐய, உயிரே போச்சுக்கா" என்றது வேறொரு படகு.

டென்னிஸ் கரைக்குத்தான் திரும்பிக்கொண்டிருந்தான். படகிலிருந்து எண்ணூர் அனல்மின் நிலையச் சிம்னி தெரிந்தது. டவர் வந்து வந்து போனது. சுஜா லேப்டாப்பில் ஓடிபி அனுப்பும் பட்டனை அழுத்தினார். ஞானபாக்கியம் மைக் வயரை விரலில் சுற்றிச் சுற்றி முறுக்கினார். வயர்லெஸ் இரைந்தது. முதல் ஓடிபி வந்து சேர்வதற்குள் காலாவதியாகிவிட்டது. சுஜா மறுபடி அழுத்தினார்.

"வந்துச்சுக்கா! ஆனா யார்கிட்டயும் சொல்லாதன்னு போட்டுகீறான்."

"சொல்றா மூதேவி!"

டென்னிஸ் சொன்னான். வங்கக் கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அந்த ரகசியத்தைக் கேட்டார்கள். சுஜா தட்டினார். திரையில் வட்டம் சுழன்றது. ஞானபாக்கியம் சிலுவை போட்டுக்கொண்டார். அரசாங்கக் காரியத்துக்கு அவர் அதைச் செய்வது புதிதல்ல.

"கணக்கு உள்ள போயிடுச்சுக்கா" என்றார் சுஜா.

ஞானபாக்கியம் பெஞ்சில் உட்கார்ந்து லாரிக்காரனுக்குப் போன் போட்டார். அதற்குள் வயர்லெஸ்ஸில் ஒரு புதுக்குரல்.

"அக்கா, அந்த மேடம் போயிடப் போறாங்க, புட்ச்சு வை. எங்க அண்ணி தையக்கடைக்கும் என் நம்பரத்தான் குடுத்துகீது."