இடுப்பில் இருக்கும் பதினேழு

இடுப்பு பெல்ட்டில் செருகியிருக்கும் ரிங் ஸ்பேனரை அவர் உருவுவதே ஒரு தினுசு. கை போகும், கண் போகாது. எதிரில் நிற்பவரிடம் பேசிக்கொண்டே எடுத்து, பேசிக்கொண்டே மாட்டி, பேச்சு முடிவதற்குள் போல்ட்டைக் கழற்றி உள்ளங்கையில் குலுக்கிக் காட்டுவார். "பார்த்து எடுக்கிறவன் பழகுறவன். பார்க்காம எடுக்கிறவன்தான் மெக்கானிக்."

அது பதினேழு மில்லிமீட்டர் போல்ட்டுக்கான பதினேழாம் நம்பர் ஸ்பேனர். பெட்டியில் நாற்பது ஸ்பேனர்கள் கிடந்தாலும் இடுப்பில் இடம் பிடித்தது அது ஒன்றுதான். அவருடைய பெயர் எந்த டிரைவருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் பதினேழு அண்ணன்.

பள்ளிக்கூடம் அவரை மூன்றாம் வகுப்போடு விட்டுவிட்டது. அதன்பிறகு பிறர் ஷெட்டில், பிறர் லாரிக்கு அடியில், சாக்கு விரித்துப் படுத்துக் கற்றதுதான் எல்லாம். முதலில் சொந்தமாக ஒரு ஜாக்கி, பிறகு நாலு தூண், பிறகு தகரம் தகரமாக ஒரு கூரை. "எவன் கையும் பிடிச்சு நான் மேல வரலை. படிச்ச முதலாளிங்க வண்டியெல்லாம் என் வாசல்லதானே முட்டுக் கொடுத்து நிக்குது?" இதை அவர் சொல்லாத நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டு லீவு.

சட்டைப் பையில் ஒரு கண்ணாடி டப்பா உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் மனைவி அழைத்துப் போய் வாங்கிக் கொடுத்தது. டப்பா தினமும் ஷெட்டுக்கு வரும். கண்ணாடி அதை விட்டு வெளியே வந்ததில்லை. "பதினேழுக்கு எதுக்குக் கண்ணாடி?"

ஷெட்டில் வெல்டிங் வேலை முழுக்க மனைவியுடையது. அந்த அம்மாள் வைக்கும் ஒட்டுக்கு ஈடில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்வார். அம்மாளிடம் மட்டும் சொன்னதில்லை.

சென்ற மாதம் ஒருநாள், உச்சிவெயிலில் ஒரு சின்ன லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நொண்டிக்கொண்டு வந்து நின்றது. பின்பக்க ஸ்பிரிங்கில் மேல் பட்டை இரண்டாக ஒடிந்திருந்தது. லாரி நிறைய அட்டைப்பெட்டிகள். பெட்டி நிறைய கீச்சுக்குரல்கள். பொரித்து ஒரு நாள் ஆன கோழிக்குஞ்சுகள், நாலாயிரம்.

"அண்ணே, வண்டி ஓடினாத்தான் இதுங்களுக்குக் காத்து. நின்னா வெந்துடும்" என்றார் டிரைவர். "போன மாசமே ஒரு லோடு இப்படிப் போச்சு. இதுவும் போனா என்னை வண்டியை விட்டு இறக்கிடுவாங்க."

"அரை மணி நேரம். நீ டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள பட்டை மாறியிருக்கும், போ."

ஜாக்கி ஏறியது, முட்டு வைத்தாயிற்று. பட்டை வெளியே வர வேண்டுமானால் அதை வண்டியோடு பிணைத்திருக்கும் ஷாக்கிள் பின் கழல வேண்டும். அந்தப் பின்னைக் கவ்விப் பிடித்திருப்பது ஒரே ஒரு பதினேழு போல்ட். கை இடுப்புக்குப் போனது, கண் போகவில்லை. மாட்டினார். ஒரு குழாயைச் செருகி ஒரே அழுத்து.

ஸ்பேனர் வழுக்கிச் சுற்றியது. தடவிப் பார்த்தார். ஆறு மூலையும் மழுங்கி, தலை கோலிக்குண்டு போல உருண்டிருந்தது.

"போன தடவை எவனோ கெடுத்து வச்சிருக்கான் தம்பி."

டிரைவர் டீ குடிக்கப் போகவில்லை, பக்கத்திலேயே குந்தியிருந்தார். "போன தடவை மாட்டினது நீங்கதான் அண்ணே."

அவர் இருமினார். ஒரு நம்பர் சிறிய பதினாறு சாக்கெட்டைத் தலையில் அடித்து ஏற்றிப் பார்த்தார், வழுக்கியது. உளியை வைத்துத் தட்டினார், போல்ட் அசையவில்லை. அதற்குள் மனைவி பெட்டிகளை ஷெட்டின் நிழலுக்கு இறக்க வைத்து, பெரிய காற்றாடியை அவற்றின் பக்கம் திருப்பியிருந்தார்.

"சத்தம் குறையுது அண்ணே" என்றார் டிரைவர். உண்மைதான். குஞ்சுகள் அலகைத் திறந்தபடி மூச்சிறைத்துக்கொண்டிருந்தன.

லாரிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "இந்தாம்மா... இதுமேல ஒரு நட்டு வச்சு ஒட்டணும்."

"எப்பவோ எடுத்து வச்சுட்டேன். பேட்டரி வயரைக் கழட்டினீங்களா?"

அந்த ஷெட்டின் கரண்டால் வெல்டிங் மெஷினோ காற்றாடியோ, ஒன்றைத்தான் தாங்க முடியும். காற்றாடி நின்றது. டிரைவர் ஒரு அட்டையை எடுத்து, ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு ஓடி ஓடி விசிறினார். அம்மாள் முகமூடியை இறக்கிக்கொண்டு அடியில் நுழைந்தார். மழுங்கிய தலைமேல் பெரிய நட்டை வைத்து, நட்டின் துளைக்குள்ளேயே நெருப்பை இறக்கி இரண்டையும் ஒன்றாக்கினார்.

பதினேழு அண்ணனின் கை போல்ட்டை நோக்கிப் போனது. "தொடாதீங்க. சிவப்பு அடங்கட்டும்."

"குஞ்சு சாகுதும்மா!"

"இப்ப தொட்டா நட்டும் போகும். பேசாம இருங்க."

ஷெட்டில் அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லக்கூடியவர் அந்த அம்மாள் ஒருவர்தான். இருந்தார். சிவப்பு கறுப்பானது. அம்மாள் ஒரு பெரிய ஸ்பேனரை அவர் கையில் வைத்தார். அவர் முதலில் மயிரிழை அளவு இறுக்கினார். பிடிப்பு விட்டதா என்று விரலால் கேட்டார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் இழுத்தார்.

'டக்'.

"காத்தாடியைப் போடு!" என்று அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். போல்ட் முனகிக்கொண்டே வந்தது. காற்றாடி சுற்றியது. முதலில் ஒரு பெட்டி கீச்சிட்டது, பிறகு பக்கத்துப் பெட்டி, பிறகு காது கொள்ளாத சத்தம். டிரைவர் மூடிகளைத் திறந்து திறந்து பார்த்தார். "எந்திரிச்சு நிக்குதுங்க அக்கா! எல்லாமே நிக்குதுங்க!" என்று சொல்லிவிட்டு, அட்டையால் தன் முகத்துக்கே விசிறிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

புதுப் பட்டை ஏறியது. புது போல்ட்டை மாட்டும் நேரத்தில் அம்மாள் குனிந்து, கந்தலில் சுற்றிய ஒன்றை அவரிடம் நீட்டினார். டிரைவருக்குக் கேட்காத குரலில், "உங்க பதினேழு வீட்டு ஜன்னல்ல கிடந்துச்சு, இப்பத்தான் போய் எடுத்தாந்தேன். இடுப்புல இருக்கிறது இஞ்சுக் கணக்கு ஸ்பேனர்" என்றார்.

அதன் வளையம் பதினேழை விட அரை மில்லிமீட்டர் அகலம். லேசான போல்ட்டைக் கழற்றிவிடும், துருப்பிடித்ததின் மூலைகளைத் தின்றுவிடும். காலையில் குளித்துவிட்டு வந்து, பார்க்காமல் எடுத்துச் செருகியது.

டிரைவர் டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, கண்ணை மூடிட்டே மாட்டிடுவீங்கல்ல இதை?"

அவர் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மூக்கில் ஏற்றினார். ஸ்பேனரை டார்ச் வெளிச்சத்தில் பிடித்து, எண்மேல் படிந்திருந்த கிரீஸைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு, எழுத்துக்கூட்டுகிறவர் போல வாய்விட்டுப் படித்தார்.

"ஒண்ணு... ஏழு."